ஹிரோஷிமா பக்கம், பாஞ்சாலங்குறிச்சி தூரம்

பொங்கல் லீவுக்கு ஓட்டப்பிடாரம் போயிருந்தேன். வீட்டுப் பட்டாசலில் ஆறு பெண்பிள்ளைகள் ஒரு சார்ட்டைச் சுற்றிக் குப்புறக் கிடந்தார்கள். அக்கா மகள் பத்தாம் வகுப்பு. பள்ளியில் சமூக அறிவியல் கண்காட்சி, குழுவுக்கு ஒரு தலைப்பு. இவர்களுக்குச் சீட்டில் விழுந்தது ‘போரின் சமூக விளைவுகள்’. சார்ட்டின் நடுவில் ஹிரோஷிமாவின் காளான் மேகம். ஒரு பக்கம் இடிந்த உக்ரைன் அடுக்குமாடி, மறுபக்கம் காஸா. கீழே கலர் ஸ்கெட்ச்சில் ஐந்து குறிப்புகள்: உயிரிழப்பு, அகதிகள், பொருளாதாரச் சரிவு, கல்வி பாதிப்பு, மனநல பாதிப்பு. படங்களை எங்கே எடுத்தீர்கள் என்று கேட்டேன். ஜெராக்ஸ் கடையில். கடைக்காரர் தன் கம்ப்யூட்டரில் ‘வார் எஃபெக்ட்’ என்று ஒரு ஃபோல்டரே வைத்திருக்கிறாராம். போன வருஷம் வேறொரு பள்ளிப் பிள்ளைகள் ஒட்டிய அதே படங்கள். கலர் பிரிண்ட் பக்கத்துக்குப் பத்து ரூபாய்.

“பாஞ்சாலங்குறிச்சி போடலியா பாப்பா?” என்றேன்.

“மாமா, அது வரலாறு. எங்க தலைப்பு விளைவு.”

அந்தப் பதிலுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பதினைந்து வயதுப் பிள்ளையைக் குறைசொல்ல அல்ல. அவள் சொன்னது துல்லியமாகச் சரி. நாம் அவளுக்கு அப்படித்தான் பிரித்துக் கொடுத்திருக்கிறோம். அவளுடைய புத்தகத்தில் முதல் உலகப் போர்ப் பாடத்தின் தலைப்பிலேயே ‘பின்விளைவு’ என்ற சொல் இருக்கிறது. பிறகு பாளையக்காரர்கள் வருகிறார்கள். அங்கே தலைப்பில் இருப்பது ‘கிளர்ச்சி’. ஐரோப்பாவில் நடந்தால் போர், அதற்கு விளைவு உண்டு. நம் வீட்டிலிருந்து மூணு நாலு கிலோமீட்டரில் நடந்தால் கிளர்ச்சி. அதற்கு வீரம் உண்டு, துரோகம் உண்டு, தூக்குமரம் உண்டு. விளைவு மட்டும் கிடையாது. பாடத்தில் ஒன்றுமே இல்லை என்று சொல்லமாட்டேன், ஒப்பந்தமும் பிரகடனமும் தேதியோடு வரத்தான் செய்கின்றன. அதற்கு மறுநாள் காலையில் ஊரில் யார் மிச்சம் இருந்தார்கள் என்பதுதான் வராது.

நான் மென்பொருள் வேலையில் இருக்கிறவன். ராத்திரி ஒரு சர்வர் விழுந்தால் காலையில் அறிக்கை எழுதியாக வேண்டும். எத்தனை மணிக்கு விழுந்தது, யார் முழித்திருந்து சரிசெய்தார்கள் என்பதெல்லாம் அதில் சின்னப் பகுதி. மேலே இருப்பவர்கள் முதலில் தேடுவது ‘இம்பாக்ட்’ என்ற பத்தியை: யார் யாருக்கு, என்னென்ன, எவ்வளவு நேரம் நின்றுபோனது. அந்தப் பத்தி இல்லாத அறிக்கையைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பாஞ்சாலங்குறிச்சிக்கு நாம் வகுப்பில் சொல்லித்தரும் அறிக்கையில் தேதி இருக்கிறது, முழித்திருந்து சண்டை போட்டவர் பெயர் இருக்கிறது, காட்டிக்கொடுத்தவர் பெயர் இருக்கிறது. அந்த ஒரு பத்தி இல்லை.

இத்தனைக்கும் எழுதுவதற்கான சரக்கு இல்லாமல் இல்லை. 1799 செப்டம்பர் 5ஆம் தேதி மேஜர் பானர்மேன் கோட்டையைத் தாக்கினார். (அதே செப்டம்பர் 5 எங்கள் ஊர்க்காரர் வ.உ.சி.யின் பிறந்தநாள், 1872. ஆசிரியர் தினமும் அன்றைக்குத்தான். எங்கள் பள்ளியில் அன்று மிட்டாய் கொடுப்பார்கள். முற்றுகையை யாரும் சொன்னதில்லை.) அக்டோபர் 16 கயத்தாறில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். சினிமாவும் மேடை நாடகமும் ஆண்டுவிழாவில் ஒட்டுமீசை வைத்துக்கொண்டு வசனம் பேசும் எட்டாம் வகுப்புப் பையனும் அந்தப் புளியமரத்தோடு நின்றுவிடுகிறார்கள். ஆனால் சண்டை நிற்கவில்லை. 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து ஊமைத்துரை தப்பி வந்து, இடித்த கோட்டையை ஜனங்களோடு சேர்ந்து சில நாட்களிலேயே எழுப்பினார். மார்ச் கடைசியில் கம்பெனியின் முதல் தாக்குதல் தோற்றது. மே 24 கோட்டை விழுந்தது.

விழுந்த பிறகு என்ன செய்தார்கள் என்பதை 1881இல் வெளிவந்த தன் திருநெல்வேலி வரலாற்றில் கால்டுவெல் எழுதியிருக்கிறார். கோட்டையைத் தரைமட்டமாக்கி, அந்த இடத்தை உழுது, ஆமணக்கு விதைத்தார்கள். ஊரின் பெயரைக் கணக்குகளிலிருந்து நீக்கினார்கள். பாளையத்தின் நிலம், எட்டயபுரம் உள்ளிட்ட, கம்பெனிக்கு உதவியவர்களுக்குப் போனது. ஒரு ஊர் இருந்த இடத்தில் ஏர் ஓடியிருக்கிறது. அந்த ஊரில் எத்தனை அடுப்பு எரிந்திருக்கும், எத்தனை பேருக்கு அந்த மண்ணில் பங்கு இருந்திருக்கும், அவர்கள் எல்லாம் எந்தப் பக்கம் நடந்திருப்பார்கள்? சார்ட்டில் ‘அகதிகள்’ என்று ஒரு குறிப்பு இருக்கிறதே, அதற்குப் பக்கத்தில் ஒட்ட வேண்டிய முதல் படம் எங்கள் ஊர்க் கரிசலில் எடுத்ததாக இருந்திருக்க வேண்டாமா?

அங்கே இன்று நிற்பது 1974இல் தமிழக அரசு கட்டிய நினைவுக்கோட்டை. உள்ளே சுவர் முழுக்க ஓவியம். லீவு நாளில் வேன் வேனாகப் பிள்ளைகள் வந்து செல்ஃபி எடுத்துக்கொண்டு போகிறார்கள். கொஞ்சம் தள்ளிக் கம்பெனிப் படையில் செத்தவர்களின் கல்லறைகள் இருக்கின்றன. வெள்ளைக்கார அதிகாரிக்குக் கல்லில் பெயர் வெட்டியிருக்கிறார்கள். அவர்கள் பெயர் இருப்பதில் எனக்குக் கோபம் இல்லை. எதிர்ப்பக்கம் செத்தவனுக்குக் கல்லே இல்லாமல் போனது மட்டும் உறுத்துகிறது. அவன் பெயர் எங்கேயாவது இருக்கிறதென்றால் நா. வானமாமலை பதிப்பித்த கதைப்பாடலில் தேட வேண்டும், அல்லது அவனுக்கு எதிராகப் படை நடத்தியவர்களின் எழுத்தில் தேட வேண்டும்.

அப்படி ஒருவர் ஜேம்ஸ் வெல்ஷ். அந்தப் போரில் கம்பெனி அதிகாரியாக இருந்தவர். 1830இல் தன் ராணுவ நினைவுகளை இரண்டு பாகமாக வெளியிட்டார். கோட்டை விழுந்த பிறகு நடந்ததாக அவர் ஒரு சம்பவம் சொல்கிறார். பிணங்களுக்கு நடுவே பெண்கள் தங்கள் வீட்டு ஆண்களைத் தேடுகிறார்கள். ஒரு தாய், மகன் குற்றுயிராகக் கிடப்பதைப் பார்க்கிறாள். தூக்கப்போனவளிடம் மகன், என்னை விடு, பக்கத்தில் காயத்தோடு கிடக்கிற சாமியைக் காப்பாற்று என்கிறான். அவள் மகனை அங்கேயே விட்டுவிட்டு ஊமைத்துரையைத் தூக்கிக்கொண்டு போகிறாள். எட்டயபுரத்து ஆட்கள் தேடி வந்தபோது அவர்மேல் துணியைப் போர்த்தி, அம்மை வார்த்துச் செத்துப்போனான் என்று பெண்கள் கூடி ஒப்பாரி வைக்கிறார்கள். வந்தவர்கள் ஓடிவிடுகிறார்கள்.

நம் ஊர்ப் பேச்சாளர்கள் இந்தக் கதையை நன்றாகச் சொல்வார்கள். கைதட்டல் விழும் இடம் எது தெரியுமா? “சாமியைக் காப்பாற்று.” விசுவாசம், வீரத்தாய், முடிந்தது. அந்தப் பெண் மறுநாள் என்ன செய்தாள் என்று எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை. அவள் பெயர் வெல்ஷுக்கும் தெரியாது. மகனை எடுக்கத் திரும்பிப் போனாளா? அதற்குள் ஏர் வந்துவிட்டதா? ‘போரின் சமூக விளைவு’ என்ற தலைப்புக்கு இதைவிடப் பொருத்தமான ஒரு ஆளை எனக்குக் காட்டுங்கள். ஜெராக்ஸ் கடை ஃபோல்டரில் அவள் இல்லை, சரி. புத்தகங்களில் இருக்கிறாளே.

இன்னொன்று, எங்கள் மாவட்டத் துறைமுகம் சம்பந்தப்பட்டது. தூத்துக்குடி என்றால் பிள்ளைகள் முத்து, உப்பு, சுதேசிக் கப்பல் என்று மூன்று விடை சொல்வார்கள். 1802 பிப்ரவரியில் அதே துறையிலிருந்து எழுபதுக்கும் மேற்பட்ட கைதிகளைக் கப்பலேற்றி பினாங்குக்கு அனுப்பினார்கள். சின்ன மருதுவின் மகன் துரைசாமி, பதினைந்து வயது வாக்கில், அவர்களில் ஒருவன். வெல்ஷுக்கு அவனைத் தெரியும்; சின்ன மருதுவிடம்தான் அவர் ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொண்டார். 1818இல் பினாங்கில் தன் முன்னால் வந்து நின்ற மெலிந்த கிழவன் அந்தத் துரைசாமிதான் என்று அவருக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. கணக்குப் போடுங்கள், அந்தக் ‘கிழவனுக்கு’ முப்பதைத் தாண்டிக் கொஞ்சம்தான் இருக்கும். என் வயசு. கே. ராஜய்யன் போன்ற வரலாற்றாசிரியர்கள் 1971லேயே இந்தப் போரை ஒரு தென்னிந்தியப் போராகப் புத்தகம் போட்டு எழுதிவிட்டார்கள். அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் அந்தப் புத்தகத்திலிருந்து தூத்துக்குடிப் பள்ளி ஒன்றின் சார்ட் பேப்பர் வரைக்கும் ஒரு பாதை போடவில்லை.

ஆயுதங்கள் போனது தனிக்கதை. 1801 டிசம்பரில் எட்வர்ட் கிளைவின் பிரகடனம் கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களைப் பறிக்கவும் சொன்னது. காவல் காத்து அதற்கு ஊரிடம் நெல்லும் பணமும் வாங்கிப் பிழைத்த குடும்பங்கள் இந்தச் சீமையில் ஏராளம். ஈட்டி போனது, காவல் உரிமையும் படிப்படியாகப் போனது. 1871இல் வடக்கே வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. கைரேகை வந்தது, ராத்திரி போலீஸ் ஸ்டேஷனில் படுக்க வேண்டிய கட்டாயம் வந்தது. 1801க்கும் 1911க்கும் நடுவே ஒரே கோடாகப் போட்டுவிட முடியாது, நடுவில் பஞ்சம் இருக்கிறது, நிலவரி இருக்கிறது, நூறு காரணங்கள் இருக்கின்றன. ஆனால் காவல்காரன் எப்படிச் சட்டத்தின் கண்ணில் திருடன் ஆனான் என்று கேட்கிற பிள்ளையை அந்தக் கோட்டின் மேல் கொஞ்ச தூரமாவது நடக்கவிடலாமே.

‘எட்டப்பன்’ என்ற வசவையும் விளைவுக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும். ஒரு பாளையக்காரர் எடுத்த அரசியல் முடிவுக்காக இருநூறு வருஷமாக ஒரு பரம்பரைப் பெயர் தமிழில் துரோகிக்குப் பொதுப்பெயர். எட்டயபுரத்துப் பையன் வெளியூர் காலேஜில் சேர்ந்தால் முதல் வாரம் என்ன கேலி கேட்பான் என்று என் ஹாஸ்டல் நண்பனிடம் கேளுங்கள். பாரதி பிறந்த ஊர் என்று சொல்லித் தப்பிக்கப் பார்ப்பான். பாவம்.

இதையெல்லாம் வாத்தியார்களிடம் சொன்னால் ஒரு பதில் வரும்: “பிரச்சினை வரும் தம்பி.” நான் அந்தப் பதிலைக் கேலி செய்யமாட்டேன். பிரச்சினை வந்திருக்கிறது. ஓட்டப்பிடாரத்துக்குப் பக்கத்தில் கவர்னகிரி. கட்டபொம்மனின் படையில் இருந்து உயிர்விட்ட சுந்தரலிங்கத்தின் ஊர். 1997இல் விருதுநகரில் தொடங்கிய அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தார்கள். ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்தவரின் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்றார்கள். பஸ்கள் உடைந்தன, ஊர்கள் மோதிக்கொண்டன, உயிர் போனது. கடைசியில் அரசு, எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரையே எடுத்துவிட்டது. நான் ஒண்ணாப்பு படிக்கும்போது எங்கள் மாவட்டத்தின் பெயர் வ.உ. சிதம்பரனார் மாவட்டம். பிறகு வெறும் தூத்துக்குடி. ஏன் மாறியது என்று வகுப்பில் ஒருத்தரும் சொல்லவில்லை. ஒரே கோட்டைக்காகச் செத்த இரண்டு பேரில் ஒருவர் பெயரை ஆண்டுவிழா மேடையில் முழங்கலாம், இன்னொருவர் பெயரைப் பஸ்ஸில் எழுத முடியாது. வாத்தியாரின் பயத்துக்கு நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தப் பயம் எங்கிருந்து வந்ததோ அதுதானே அந்தச் சார்ட்டின் தலைப்பு? காளான் மேகம் யார் சாதியையும் சீண்டாது. அதனால்தான் அது நடுவில் இருக்கிறது.

உலகப் போரைத்தான் எழுத வேண்டும் என்றாலும் ஜப்பான் வரை ஓட வேண்டியதில்லை. 1914இல் எம்டன் கப்பல் சென்னையில் குண்டு போட்டுவிட்டுப் போனது. விவரமான ஆளை ‘எம்டன்’ என்று நம் தாத்தாமார் சொன்னது அதனால். 1942இல் ஜப்பான்காரன் வருகிறான் என்று பட்டணம் காலியானது. பர்மாவிலிருந்து தமிழர்கள் காடு மலை தாண்டி நடந்தே வந்தார்கள், பாதிவழியில் செத்தார்கள். மலேயாத் தோட்டங்களிலிருந்து பிடித்துப்போன தமிழர்களின் எலும்பு சயாம் ரயில்பாதைக்குக் கீழே கிடக்கிறது. மாசாமாசம் நாம் அரிசி வாங்குகிற ரேஷன் என்ற ஏற்பாடே அந்தப் போர்க்காலத்தில் இங்கே வேர்பிடித்ததுதான். ஆறு பிள்ளைகளின் வீட்டிலும் அந்த அட்டை இருக்கிறது. சார்ட்டில் ஒட்ட ஜெராக்ஸ் கடைக்கே போயிருக்க வேண்டாம்.

இனி, சொல்லாமல் தள்ளிக்கொண்டே வந்ததைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஆறு பேரில் ஒரு பிள்ளை சார்ட்டின் ஓரத்தில் பார்டர் போட்டுக்கொண்டிருந்தாள். ஸ்கேல் வைக்காமலே கோடு நேராக வந்தது. மூன்றரை மணி ஆனதும் ஸ்கெட்ச்சை மூடிவைத்துவிட்டு எழுந்தாள். “கெளம்புதேன், இன்னைக்கு செக்கிங் இருக்கு” என்றாள். அக்கா முறுக்கு மடித்துக் கொடுத்தாள். அவள் போன பிறகு எந்தச் செக்கிங் என்று கேட்டேன். “அவ முகாம்ல இருக்கா மாமா. இன்னைக்கு எல்லாரும் வந்து தலையக் காட்டணும்” என்றாள் அக்கா மகள், சார்ட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். ‘அகதிகள்’ என்ற சொல்லுக்குப் பச்சை ஸ்கெட்ச்சால் நிழல் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

1983க்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்தவர்களின் முகாம்கள் எங்கள் மாவட்டத்திலேயே தாப்பாத்தியில் இருக்கிறது, மாப்பிள்ளையூரணியில் இருக்கிறது. 2021இல் அரசு ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது. நல்லதுதான். பெயர் மாறியதால் சட்டம் மாறவில்லை. 1987 ஜூலை 1க்குப் பிறகு இந்தியாவில் பிறந்தால் மட்டும் குடியுரிமை வந்துவிடாது. தாய் தகப்பன் யார் என்று பார்ப்பார்கள். இந்தப் பிள்ளை இங்கே பிறந்து, இங்கே பேசி, எங்கள் ஊர்க்காரி மாதிரியே ‘கெளம்புதேன்’ என்கிறாள். பாஸ்போர்ட் இல்லை, நாளைக்கு அரசு வேலை இல்லை. ஒரு போரின் சமூக விளைவு எதிரே உட்கார்ந்து பார்டர் போடுகிறது. நாம் அதன் கையில் ஸ்கெட்ச் கொடுத்து ஹிரோஷிமாவைச் சுற்றிக் கோடு போடச் சொல்கிறோம்.

அவளை எழுப்பி நிறுத்தி உன் கதையைச் சொல் என்று கேட்கச் சொல்கிறேன் என்று யாராவது படித்தால், அது இதைவிடக் கேவலம். அந்தப் பிள்ளை காட்சிப்பொருள் இல்லை. மற்ற ஐந்து பேருக்கும் அவள் எதற்காக மூன்றரைக்கு எழுந்து போகிறாள் என்ற சட்டம் தெரிந்திருக்க வேண்டும் என்கிறேன். அது பாடம். அவள் வாய் திறக்காமலே படிக்கக்கூடிய பாடம்.

என் யோக்கியதையையும் சொல்ல வேண்டும். 2009இல் நான் பொறியியல் மாணவன். ஈழத்துக்காக மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள், பிப்ரவரியில் அரசு கல்லூரிகளை மூடியது, ஹாஸ்டலைக் காலி செய்யச் சொன்னார்கள். நான் ஊருக்கு வந்து கிரிக்கெட் விளையாடினேன். மே மாதம் ஆர்குட்டில் என் படத்தைக் கறுப்பாக மாற்றினேன். ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து கமெண்டுகளில் சண்டை போட்டேன். முகாம் எங்கள் வீட்டிலிருந்து ஒரு பஸ் தூரம். ஒருநாளும் அந்தப் பஸ்ஸில் ஏறியதில்லை.

இலக்கியம் படிக்கிற நமக்கும் இதில் பங்கு இருக்கிறது. ஸ்வெத்லானா அலெக்ஸியேவிச்சுக்கு 2015இல் நோபல் கிடைத்ததும் நாம் எத்தனை கட்டுரை எழுதினோம்! நானும் ஒன்று எழுதினேன், எடுத்துப் பார்த்தால் கூசுகிறது. அதில் ‘பன்முகக் குரல்’ என்று நாலு இடத்தில் இருக்கிறது. அவர் செய்தது என்ன? வீடு வீடாகப் போய், டீ குடித்துக்கொண்டு, சண்டை முடிந்த பிறகு என்ன சமைத்தீர்கள் என்கிற மாதிரிக் கேள்விகளைப் பெண்களிடம் கேட்டார். நாம் அவரைப் படித்துவிட்டு அடுத்த ருஷ்யப் புத்தகத்தை ஆர்டர் போட்டோம். அக்கா மகள் ஜெராக்ஸ் கடைக்குப் போனாள் என்றால், நாம் கொஞ்சம் விலைகூடின ஜெராக்ஸ் கடைக்குப் போகிறோம்.

அன்று சாயங்காலம் அக்கா மகளிடம் வெல்ஷ் சொன்ன அந்தத் தாயின் கதையைச் சொன்னேன். ஆமணக்கு விதைத்ததைச் சொன்னேன். இன்னொரு சார்ட் வாங்கித் தருகிறேன், இதையும் சேர்த்து எழுதுங்கள் என்றேன். எழுதினார்கள். ஒரு பாதி வரைக்கும். நான் ஊர் திரும்பிய பிறகு போனில் சொன்னாள், “சார் வேண்டாம்னுட்டாங்க மாமா. கட்டபொம்மன்னா எல்லாரும் வந்து நின்னு பாப்பாங்க, எதையாவது தப்பா எழுதிட்டா வம்புன்னாங்க. மொத சார்ட்டத்தான் வெச்சோம். ரெண்டாவது பரிசு.” சந்தோஷமாகத்தான் சொன்னாள். அந்தப் பாதி சார்ட் பீரோவுக்கு மேலே சுருட்டிக் கிடக்கிறதாம்.

“ஒரு டவுட் மாமா. எதுக்கு ஆமணக்கு? கம்போ சோளமோ போட்டிருக்கலாம்லா?”

எனக்குப் பதில் வரவில்லை. ஆச்சியிடம் கேளு என்றேன். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள் போல, ஆச்சியின் குரல் பக்கத்திலேயே கேட்டது: “ஆமணக்கு முத்தத் தின்னா ஆடு மாடு செத்துப்போகும்லா. ஆடு மேய்க்கக்கூட ஒரு மனுசன் அந்தப் பக்கம் போகக் கூடாதுன்னு போட்டிருப்பான். இதுகூடத் தெரியாமலா படிக்கிய?”

“இரு ஆச்சி, மெதுவாச் சொல்லு” என்றாள் அவள். பேனா மூடியைக் கழற்றும் சத்தம் கேட்டது.